பகலில் மண் நிறம், பொழுதானால் கத்திரிப்பூ: பல்லடம் பக்கத்து ஆசாரம் ஒன்றில் டோப் வண்ணம் - நிகழ்வு ஆய்வு

பல்லடம் வட்டாரத்தில் கிழக்குப் பார்த்த தார்சு (கான்கிரீட் தளம் போட்ட) வீடு. கட்டி இருபது வருடம் ஆகிறது. ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆசாரத்துக்கு, அதாவது வீட்டுக் கூடத்துக்கு, டோப் வண்ணம் அடித்தார்கள். கடையில் நிற அட்டையில் பார்த்தபோது சாம்பலும் காப்பித்தூளும் பாலில் கலந்தது போல அமைதியாக இருந்த நிறம். அடித்து முடித்த அன்று பொழுதோட விளக்கைப் போட்டதும் நான்கு சுவரும் வெளிறிய கத்திரிப்பூ நிறத்தில் நின்றன. போதாததற்குத் தை மாதம் தெற்குச் சுவரின் அடியில் வெள்ளைப் பொடி பூக்க ஆரம்பித்தது. கிழக்குச் சுவரில் பட்டை பட்டையாக ஒட்டுத் தெரிந்தது. பங்குனியில் எல்லாவற்றையும் சரி செய்து மறுபடி அடித்தார்கள். முதல் தடவை எங்கே தவறியது, இரண்டாம் தடவை என்ன மாற்றினார்கள் என்பதை அளவுகளோடு இங்கே பதிவு செய்கிறோம்.

நிறத்தைப் பற்றி முதலில்

டோப் என்பது மண்ணைக் குடைந்து வாழும் ஒரு சிறு விலங்கின் பிரெஞ்சுப் பெயர். அதன் மயிர்த்தோலின் நிறத்துக்கே அந்தப் பெயர் வந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். வாய்க்கால் ஓரத்தில் காய்ந்து வெடித்த வண்டலைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நடுத்தர டோப் என்பதை எண்ணிலும் சொல்லலாம். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதற்கு எல்ஆர்வி என்று ஓர் அளவு உண்டு. கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. வழக்கமாக வீட்டுக்குள் அடிக்கும் சந்தன வெள்ளை, தந்த நிறமெல்லாம் 70-க்கு மேல். நடுத்தர டோப் சுமார் 30 முதல் 45 வரை. இந்த வீட்டில் முதலில் அடித்தது 36. சுவரில் விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறைக்குள் திரும்பும் என்று பொருள். வெள்ளைச் சுவருக்கு வாங்கிய பழைய விளக்குகளையே வைத்துக்கொண்டு இந்த நிறத்துக்குப் போனால், அறை இருட்டியது போலத்தான் தோன்றும்.

அதைவிட முக்கியம் அடிநிறம். எல்லா டோப்பும் ஒன்றல்ல. ஒன்றில் சிவப்பும் ஊதாவும் ஒளிந்திருக்கும், ஒன்றில் மஞ்சள், இன்னொன்றில் பச்சை. தனியாகப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே இருக்கும். வெள்ளைக் காகிதத்தின் மேல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். நிற அட்டையைப் பார்க்கும் யாரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், காசும் ஆகாது.

கத்திரிப்பூ எங்கிருந்து வந்தது

"ஏனுங் மேஸ்திரி, அட்டையில பார்த்ததும் செவுத்துல இருக்கறதும் ஒண்ணாட்டவே இல்லீங்களே" என்று வீட்டம்மா கேட்டபோது, "கலரு அதேதானுங்கம்மா, வேணும்னா அட்டைய வெச்சுப் பாருங்க" என்றார் பெயின்டர். அட்டையைச் சுவரில் ஒட்ட வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றேதான். அந்த இரவு வெளிச்சத்தில் அட்டையும் கத்திரிப்பூ நிறமாகவே இருந்தது. பெயின்டரும் சரி, கடையில் கலந்ததும் சரி. மாறியது வெளிச்சம்.

ஆசாரத்தில் இருந்தவை இரண்டு 20 வாட் எல்இடி குழல் விளக்குகள், 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; கூடக் கூட நீலம், குறையக் குறைய மஞ்சள்). இந்த வெளிச்சத்தில் நீலம் ஓங்கியிருக்கும். விலை குறைந்த எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. பழுப்பைப் பழுப்பாகக் காட்டுவது மஞ்சளும் சிவப்பும். அவை வெளிச்சத்திலேயே குறைந்துபோனால் பழுப்பு செத்து, சாம்பலும் நீலமும் மேலே வரும். அடிநிறத்தில் ஊதா இருந்தால் அதுவே முன்னுக்கு நிற்கும்.

இருந்ததா? டப்பாவின் மூடியில் நிறம் கலக்கும் இயந்திரம் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. கறுப்பு, சிவப்பு ஆக்சைடு, கொஞ்சம் ஊதா. மஞ்சள் ஆக்சைடு பெயருக்கு மட்டும். இந்தச் சீட்டைப் பெரும்பாலானோர் படிப்பதே இல்லை. எந்தெந்தச் சாயம் எவ்வளவு என்று அதில் அச்சாகியிருந்தால், பணம் கொடுக்கும் முன் ஒரு முறை படித்துவிட வேண்டும். ஊதா அல்லது மெஜந்தா வரிசையில் இருந்தால், வெள்ளை எல்இடி எரியும் வீட்டில் அந்த டோப் இரவில் எந்தப் பக்கம் சாயும் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம்.

மூன்றாவது காரணம் தரை. தந்த நிற விட்ரிஃபைடு டைல்ஸ், நல்ல பளபளப்பு, லேசான மஞ்சள். மஞ்சளுக்குப் பக்கத்தில் வைக்கும் சாம்பல் நிறம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரியும். அது கண்ணின் இயல்பு. இந்த வட்டாரத்தில் கடந்த இருபது வருடத்தில் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் இதே தரைதான் கண்ணில் படுகிறது. அதனால் இங்கே சிவப்புச் சாய்ந்த டோப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பழைய காவித் தரை வீடானால் கதை வேறு. அந்தச் சிவப்புத் தரை தன் சாயலைச் சுவரின் அடிப்பகுதிக்கு ஏற்றிவிடும். அங்கே பச்சைச் சாயல் கொண்ட டோப்தான் நடுநிலையாக நிற்கும்.

வடக்கு ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு ஆலோசனைகளில் 'வடக்கு அறை என்றால் வருடம் முழுக்கக் குளிர்ந்த நீல வெளிச்சம்' என்று இருக்கும். கொங்கு நாடு ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே தாண்டுகிறது. ஆகஸ்ட் கடைசி வாரம்தான் திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் காலையில் வடகிழக்கிலிருந்தும் மாலையில் வடமேற்கிலிருந்தும் வெயில் சாய்ந்து வடக்கு ஜன்னல் வழியே உள்ளே வரும். ஐப்பசி முதல் மாசி வரை அதே ஜன்னலில் வானத்து நீலம் மட்டுமே. இந்த வீட்டில் அடித்தது ஐப்பசியில். வருடத்தில் ஊதா அதிகம் தெரியக்கூடிய பருவத்தில் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒட்டும் உப்பும்

கிழக்குச் சுவரில் இரண்டரை அடிக்கு ஒரு பட்டை தெரிந்ததற்குக் காரணம் ஈர விளிம்பு காய்ந்துபோனது. ஒருவரே மேல் ஓரம், ஸ்விட்ச் போர்டு ஓரமெல்லாம் பிரஷ்ஷால் கட்டிங் அடித்துவிட்டுப் பிறகு ரோலரை எடுத்திருக்கிறார். காலை வெயிலில் அந்தச் சுவர் சூடேறியிருந்தது. மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த விளிம்பின் மேல் ரோலர் ஏறிய இடமெல்லாம் இரட்டைப் படலம். வெள்ளைச் சுவரில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. நடுத்தர நிறத்தில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அப்படியே தெரியும். பளபளப்பு உள்ள எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் வண்ணம்) என்பதால், சுவரைச் சமமாக்கப் பட்டி பார்த்ததில் இருந்த மேடு பள்ளமும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

தெற்குச் சுவரின் சேதி கொஞ்சம் பெரியது. அதற்குப் பின்னால் குளியலறை. டைல்ஸ் இணைப்பில் போட்ட வெள்ளைப் பூச்சு பெயர்ந்து, தண்ணீர் வருடக்கணக்காகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அடித்ததோ வடகிழக்குப் பருவமழைக் காலம். சுவர் முழு ஈரம். மழை நின்று மார்கழி, தையில் சுவர் காயும்போது உள்ளிருக்கும் தண்ணீர் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வண்ணப் படலத்தின் அடியில் ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை, விரலால் தொட்டால் மாவாட்ட ஒட்டுகிற வெள்ளைப் பூஞ்சை மயிர் போன்ற படிவு. அதற்கு மேலே கொப்புளம் கட்டிய வண்ணத்தோல். நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கிளப்பினால் பட்டியும் சேர்ந்து உரிந்து வந்தது. உள்ளே சிமெண்ட் பூச்சு சொதசொதவென்று கறுத்திருந்தது.

நடுத்தர டோப்பில் வெள்ளையாக எது இருந்தாலும் மறையாது: உப்பு, சுண்ணாம்புத் தூசி, நாற்காலி உரசின கோடு, ஆணி பிடுங்கிய ஓட்டை. சந்தன வெள்ளை மன்னித்துவிடுவதை இந்த நிறம் மன்னிப்பதில்லை. அதனால்தான் ஓதம் (ஈரம்) ஏறும் சுவர் ஒன்று இருந்தாலும், அதைச் சரி செய்யாமல் இந்த நிறத்தைத் தொட வேண்டாம் என்கிறோம்.

சரி செய்த விதம்: முதலில் குளியலறைப் பக்கம் டைல்ஸ் இணைப்பு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி என்னும் பிசின் கலவை போட்டு அடைத்தார்கள். மாசி தொடக்கத்தில் ஆசாரப் பக்கம் 9 அடி நீளம், 3.5 அடி உயரம், செங்கல் தெரியும் வரை பூச்சைக் கொத்தினார்கள். உப்புத் தெரிந்த உயரம் ஒன்றரை அடிதான். அதற்கு மேலும் இரண்டடி எடுத்தது ஈரம் எதுவரை போயிருக்கிறது என்பதை நம்பிக்கையாகத் தாண்டுவதற்கு. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டினார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போய்விடும். பிறகு நீர்ப்புகா மருந்து கலந்த பூச்சு. கலவைக்கும், நீராற்றுவதற்கும் ஆழ்குழாய்த் தண்ணீர் தொடவில்லை, குடிநீர்தான். பல்லடம் பக்கத்து போர்த் தண்ணீர் பலவற்றில் பாத்திரத்தில் படியும் உப்பைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். இருபத்தெட்டு நாள் விட்டார்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 24 மணி நேரம் வைத்தார்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. முதல் தடவை வேர்த்தது. இன்னும் ஒரு வாரம் காத்திருந்து மறுபடி ஒட்டியபோது தாள் உலர்ந்தே இருந்தது. அதற்குப் பிறகே பட்டி.

பலகைச் சோதனை

இரண்டாம் தடவை நிறம் தேர்ந்தது கடையில் இல்லை, ஆசாரத்தில். மூன்று டோப்களை 200 மில்லி சாம்பிள் டப்பாவில் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டு பலகைகளில் பிரைமர் (அடிப்பூச்சு) ஒன்றும் வண்ணம் இரண்டு கோட்டிங்கும் அடித்தார்கள். ஓரத்தில் ஒன்றரை அங்குலம் வெள்ளையாக விட்டிருந்தது முக்கியம். பழைய கத்திரிப்பூச் சுவரின் மேல் நேரடியாக ஒரு சதுரம் அடித்துப் பார்த்தால், சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். எமல்ஷன் காய்ந்த பிறகு கொஞ்சம் கருக்கும் என்பதால் மறுநாள்தான் பார்க்க வேண்டும்.

பலகைகளை நான்கு சுவருக்கும் மாற்றி மாற்றிச் சாய்த்து, காலை ஏழு, உச்சி, மாலை நான்கு, இரவு விளக்கு என்று மூன்று நாள் பார்த்தார்கள். தீர்ப்பு வந்தது தேக்கு நிலவுக்கு, அதாவது கதவு நிலைக்கு, பக்கத்தில், மாலை ஆறரை மணிக்கு. பாலிஷ் போட்ட தேக்கின் செம்மஞ்சள் அருகே முதல் பலகை மறுபடி ரோஜா நிறம் காட்டியது. இரண்டாவது, மஞ்சள் சாய்ந்தது, தேக்கோடு சேர்ந்து காப்பிக் கடைச் சுவர் போல ஆகிவிட்டது. மூன்றாவதில் மஞ்சள் ஆக்சைடும் கறுப்பும் முதன்மை, சிவப்பு சொற்பம். தனியாகப் பார்த்தபோது லேசாகப் பச்சையடித்தது. அதைத்தான் வீட்டுப் பெரியம்மா முதல் நாளே "இது சாணி மொழுகுனாப்பல இருக்குது, வேண்டாஞ்சாமி" என்று தள்ளியிருந்தார். நிலவுக்குப் பக்கத்தில் வைத்தபோது எதிர்பார்த்த மண்சாம்பலாக நின்றது அது ஒன்றுதான். எல்ஆர்வி 42, முதல் தடவையைவிட ஒரு படி வெளிச்சம்.

அளவும் வேலையும்

ஆசாரம் 16-க்கு 12 அடி, உயரம் 10 அடி. சுற்றளவு 56 அடி. மொத்தச் சுவர் 560 சதுர அடி. வாசக்கதவு 24.5, அறைக்கதவு இரண்டும் 42, சாப்பாட்டு அறைத் திறப்பு 42, ஜன்னல் இரண்டும் 40 போக 411.5. ஜன்னல் உள்பக்க ஓரம் 18 சதுர அடியைச் சேர்த்தால் ஏறத்தாழ 430. இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று கணக்கிட்டு 7.2 லிட்டர் வந்தது. 4 லிட்டர் டப்பா இரண்டு வாங்கினார்கள். பிரைமர் ஒரு கோட்டிங், லிட்டருக்கு 100 சதுர அடி, 5 லிட்டர். புதுப் பூச்சுப் பகுதி 32 சதுர அடிக்கும் அங்கங்கே ஓட்டை அடைக்கவும் பட்டி 5 கிலோ பை ஒன்று போதுமாக இருந்தது.

பழைய பளபளப்பின் மேல் புது வண்ணம் பிடிக்காது. எனவே சுவர் முழுக்க 180 எண் உப்புத்தாள் (சுவர் தேய்க்கும் தாள்), பட்டி பார்த்த இடத்தில் 320. இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்த்து அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு மேடும் நிழல் போடும். பென்சிலால் வட்டமிட்டு மறுநாள் தேய்த்தார்கள். பிரைமரைப் பட்டி பார்த்த இடத்துக்கு மட்டும் அடித்தால் மிச்சமாகுமே என்ற பேச்சு வந்தது. கூடாது. பட்டி ஒரு மாதிரி உறிஞ்சும், பழைய எமல்ஷன் ஒரு மாதிரி உறிஞ்சும். மேல் வண்ணத்தில் அந்த இடம் மட்டும் தேமல் போலத் தெரியும்.

இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்தார்கள். ஒரே எண், ஒரே இயந்திரம் என்றாலும் ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம் வரலாம். சுவரின் நடுவில் டப்பா மாறினால் அந்த இடம் தெரியும். தண்ணீர் டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டும் இல்லை, அதையும் அளவுக் குவளையில் அளந்தே ஊற்றினார்கள். முதல் தடவை கைக்கணக்காகத் தண்ணீர் விட்டதும் ஒட்டுத் தெரிந்ததற்கு ஒரு காரணம்.

பங்குனி வெயிலில் சுவர் சூடு பெரிய எதிரி. மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பொழுது சாய்ந்தும் எடுத்தார்கள். மின்விசிறி நிறுத்தம். ஒருவர் கட்டிங் அடித்துக்கொண்டு மூன்றடி முன்னே போக, இன்னொருவர் 9 அங்குல ரோலரோடு பின்னாலேயே வந்தார். கடைசி இழுப்பு எப்போதும் மேலிருந்து கீழே, அழுத்தாமல். ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த மூலை வரும் வரை டீக்குக்கூட நிற்கவில்லை. கோட்டிங் இடைவெளி 4 மணி நேரம். இந்தத் தடவை தேர்ந்தது மேட், அதாவது பளபளப்பில்லாத பூச்சு. ஆடிக்காற்றில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி ஈர வண்ணத்தில் ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சீலிங்குக்கு லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. முன்பு இருந்தது நீலம் கலந்த வெள்ளை. சுண்ணாம்பில் நீலம் போட்டு வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் பழக்கம் நம் ஊரில் எமல்ஷன் வந்த பிறகும் விடவில்லை. டோப்புக்குப் பக்கத்தில் அந்த நீல வெள்ளை சுவரை அழுக்காகக் காட்டும். பூஜை அறையையும் சமையலறையையும் இந்த நிறத்துக்குள் கொண்டுவரவில்லை.

விளக்கு, துணி

குழல் விளக்கு இரண்டும் 4000 கெல்வினுக்கு மாறின. நிறம் காட்டும் எண், அதாவது சிஆர்ஐ, 90-க்குக் குறையாததாகக் கேட்டு வாங்கினார்கள். சுவரோரம் 3000 கெல்வின் 9 வாட் விளக்கு நான்கு, தனி ஸ்விட்சில். படிக்க, கணக்கு எழுதக் குழல். மற்ற நேரம் சுவர் விளக்கு. மொத்த வெளிச்சம் முன்பு சுமார் 4000 லூமன், இப்போது எல்லாம் எரிந்தால் சுமார் 7600.

திரைக்குச் சாயம் போடாத காடா துணி. பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் ஓடும் அதே துணி. அதன் வைக்கோல் வெளுப்பு டோப்புக்கு இயல்பான துணை. கஞ்சியோடு இருக்கும் துணியை அப்படியே தைத்தால் முதல் துவைப்பில் சுருங்கி ஜன்னலுக்கு மேலே ஏறிவிடும் என்பதால், ஒரு இரவு ஊறவைத்து அலசிக் காயவைத்து அளந்தார்கள். தரையில் சிவப்பும் கறுப்பும் பட்டையோடிய பவானி ஜமக்காளம். டைல்ஸின் மஞ்சள் பளபளப்பில் கணிசமான பங்கை அது மூடியதால், சுவரை ஊதாப் பக்கம் இழுக்கும் வேலையும் குறைந்தது. பித்தளைக் குத்துவிளக்கும் உருளியும் வெள்ளைச் சுவரின் முன் கவனிக்கப்படாமல் கிடந்தவை. இப்போது வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகின்றன.

ஆவணியில் போய்ப் பார்த்தபோது தெற்குச் சுவரின் அடி உலர்ந்திருந்தது. ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கைபட்ட இடத்தில் மட்டும் மேட் பூச்சு தேய்ந்து மினுங்கியது. அழுத்தித் துடைத்ததன் விளைவு. ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லியிருக்கிறது. மீந்த வண்ணத்தில் அரை லிட்டர், ஒரு பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி, நிறச் சீட்டையும் அதன் மேலேயே ஒட்டி, அட்டாளியில் (பரணில்) இருக்கிறது.